ஆறேழு நொடித் தாளம்

ஃப்யூச்சர் ரெட்ரோ லண்டன் என்பது டிம் ரீப்பர் என்ற பெயரில் இசையமைப்பவர் நடத்தும் சிறிய லேபிள். முதல் சொல்லில் வருங்காலம், அடுத்ததில் பழமை. பெயரிலேயே வழக்கு தொடங்கிவிடுகிறது. அதன் இசைத்தட்டுகளையும், அவர் மெல்பர்னைச் சேர்ந்த க்ளோக்குடன் சேர்ந்து 2024ல் ஹைப்பர்டப் என்னும் மற்றொரு சுயாதீன லேபிளுக்காகச் செய்த 'இன் ஃபுல் எஃபெக்ட்' தொகுப்பையும் சில வாரங்களாகக் கேட்டுவருகிறேன். இந்த இசையை நன்கறிந்த நண்பர் ஒருவர், "1994ஐ நகலெடுக்கிறார்கள், வேறொன்றுமில்லை" என்று ஒரே வரியில் ஒதுக்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜங்கிள் 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், முக்கியமாக லண்டனில் உருவானது. கரீபியக் குடும்பங்களின் வீடுகளில் ஒலித்த ரெகேயின் கனத்த பேஸ், ரேவ் கூடங்களின் வேகம், பழைய அமெரிக்க ஃபங்க் தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த டிரம்ஸ் ஆகிய மூன்றும் அதில் கலந்தன. டிரம்ஸ் நிமிடத்துக்கு 160 அடிகளுக்கும் மேல் ஓடும். பேஸ் அதன் பாதி வேகத்தில் நடக்கும். ஆடுபவர் எதனோடு வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம்.

இதில் இசையமைப்பாளரின் கைவண்ணம் மெட்டில் இல்லை, வெட்டில் இருக்கிறது. சாம்ப்ளரில் ஏற்றிய தாளத்தைத் துண்டுதுண்டாக நறுக்கி, இடம் மாற்றி, சுருதியை ஏற்றி இறக்கி, எந்த மனிதக் கையாலும் வாசிக்க இயலாத ஒன்றாக ஆக்குவது. ஆனால் இந்தக் கலை தன் உச்சியிலேயே ஓரங்கட்டப்பட்டது. அலெக்ஸ் ரீஸ் 1995ல் மெட்டல்ஹெட்ஸ் லேபிளில் 'பல்ப் ஃபிக்ஷன்' வெளியிட்ட பிறகு, நறுக்காத நேரான தாளம் பரவியது. டிரம் அண்ட் பேஸ் என்ற பெயர் நிலைத்தபோது சிக்கலான வெட்டு பலருக்கும் தேவைப்படவில்லை. அதனால்தான் நண்பரின் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. இந்தப் புதிய தட்டுகள் முடிந்துபோன ஒன்றுக்குச் சிலை வைக்கவில்லை. பாதியில் விட்ட வேலையைக் கையிலெடுத்திருக்கின்றன. லேபிளின் 'மீட்டிங் ஆஃப் த மைண்ட்ஸ்' தொடரில் ரீப்பர் வெவ்வேறு இசையமைப்பாளர்களோடு கூட்டுச் சேர்வதைக் கேளுங்கள். தாளம் தெரிந்ததுதான், கை வேறு. கல்யாணியை இன்று ஒருவர் பாடினால் அதைப் பழமை ஏக்கம் என்றா சொல்கிறோம்?

இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்யாணிக்கு உரிமையாளர் இல்லை. ஜங்கிளின் மூலத் தாளத்துக்கு ஒரு மனிதர் இருந்தார். த வின்ஸ்டன்ஸ் குழு 1969ல் வெளியிட்ட ஒரு தட்டின் பின்பக்கத்தில் இருந்த பாடல் 'ஆமென், பிரதர்'. அதன் நடுவே மற்ற கருவிகள் ஓய, கிரிகரி கோல்மன் தனியாக நான்கு சுற்று டிரம்ஸ் வாசிக்கிறார். ஆறேழு நொடிதான். ஆயிரக்கணக்கான பாடல்கள் அந்த நொடிகளின்மேல் நிற்கின்றன. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006ல் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்தார். 2015ல் ரசிகர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு, குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் 2020ல் காலமானார்.

இந்தக் கடனைச் சிறிய லேபிள்கள் அடைக்க வேண்டும் என்று சொல்வது நியாயமல்ல. சில நூறு பிரதிகள் அச்சிட்டுச் செலவை மீட்டாலே பெரிது என்ற கணக்கு, சிற்றிதழ் வாங்கிப் படிக்கும் நமக்குத் தெரியாததா? ஆனால் பெயர் போடுவதற்குச் செலவில்லை. இசைத்தட்டின் உறையில் மாஸ்டரிங் செய்தவர் பெயரும் ஓவியம் வரைந்தவர் பெயரும் இருக்கின்றன. டிரம்ஸ், கிரிகரி கோல்மன், 1969 என்று இன்னொரு வரிக்கு அங்கே இடமுண்டு. அடுத்த தட்டை வாங்கும்போது நான் முதலில் உறையின் பின்புறத்தைத்தான் பார்ப்பேன்.