திரை நேரம் வார்டு நேரம் ஆகாது

நர்சிங் மாணவிகள் திரையில் பெறும் மெய்நிகர் பயிற்சி நேரத்தை வார்டு பயிற்சி நேரமாகவே கணக்கெழுதலாம் என்ற யோசனை மறுபடியும் கிளம்பியிருக்கிறது. அவசரசிகிச்சை கற்பிக்க இந்தத் தொழில்நுட்பம் வருவதை நம் சங்கம் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத தாய், மாணவியின் டியூட்டி நேரம் பார்த்து வருவதில்லை. யாரை முதலில் கவனிப்பது, டாக்டரை எப்போது கூப்பிடுவது என்பதையெல்லாம் உயிருக்கு ஆபத்தில்லாமல் திரையில் பழகலாம். தகுந்த ஏற்பாடுகள் இருந்தால் வார்டுக்குப் போகுமுன் தயார்படுத்த அது உதவும். வார்டுக்கே பதிலாக நிற்காது.

காரணம், கை. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்று திரை சொல்லிவிடும். இரண்டு நிமிடத்துக்குள் தோள் தளர்ந்து, அழுத்துவது தனக்கே தெரியாமல் மேலோட்டமாகிப்போவதை எது சொல்லும்? இடது கை விரல்கள் தாடையைத் தூக்கி மாஸ்க்கை முகத்தோடு சேர்த்துப் பிடிக்க, வலது கை ஆம்பு பையை அமுக்க வேண்டும். ஓரத்தில் காற்று கசிந்தால் அது விரலுக்குத் தெரிய வேண்டும். பொத்தானைத் தட்டியதும் ‘காற்று செலுத்தப்பட்டது’ என்று எழுத்து வருவதற்குப் பெயர் பயிற்சியா? 1960-இல் வந்த ரெசஸி ஆன் பொம்மைகூட, தலையைச் சாய்க்காவிட்டால் காற்றை உள்ளே விடாது.

பத்து நர்சிங் கல்லூரிகளில் நடந்து 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வைக் காட்டி, மருத்துவமனைப் பயிற்சியில் பாதி வரை மாதிரிப் பயிற்சியாக மாற்றியும் தேர்ச்சி குறையவில்லையே என்கிறார்கள் இந்த யோசனையை ஆதரிப்பவர்கள். உண்மைதான். பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதிய கருவிகளும் இருந்து, பயிற்சி முடிந்ததும் முறையான கலந்தாய்வும் நடந்த இடங்களில் கிடைத்த முடிவு அது. ‘பாதி’ என்ற சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து, ஆசிரியரே இல்லாத அறைக்குப் பொருத்துவது ஆய்வுக்கும் அவமானம், மாணவிகளுக்கும் துரோகம். வார்டில் போதிய நோயாளிகள் இல்லை, என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். மாணவர் சேர்க்கையின்போது இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது? செலவு குறையும் என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை.

மிகச் சிறிய அளவில் திரை நேரத்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் செயற்குழு ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அது பின்னர் பரிசீலிக்கப்படும். தற்போதைக்கு, திரையில் மட்டும் செய்த எதையும் ‘நோயாளியிடம் செய்தது’ என்று லாக் புக்கில் எழுதி நீட்டினால், ஆசிரிய உறுப்பினர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.