பெட்டியை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

காய் ஏற்றி நிற்கிறது வண்டி. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "ஈ.சி.எம். போயிடுச்சு, பெட்டியையே மாத்தணும்" என்கிறார். எட்டுப் பத்து வருடம் ஓடிய வண்டிக்குப் புதுப் பெட்டி வாங்குவது சின்னச் செலவில்லை. பழைய லாரி, பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகள் பலர் இந்த இடத்தில்தான் கடன் வாங்குகிறார்கள், அல்லது வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அறுவடை நேரத்தில் பத்து நாள் வண்டி நின்றால் வாடகை வண்டிக்கும் அழுகிய காய்க்கும் சேர்த்து நட்டம்.

பயிர்ப் பக்கத்தில் லாரி மெக்கானிக் வேலை எதற்கு என்று கேட்பீர்கள். நான் உழவியல் படித்தவன். ஸ்பேனர் பிடிப்பது என் தொழிலில்லை. ஆனால் வயலில் நாம் தினமும் பார்க்கும் ஒரு தவறு இங்கேயும் நடக்கிறது. இலை மஞ்சளானதும் யூரியா மூட்டையைப் பிரிக்கிறோம். தழைச்சத்துக் குறையா, இரும்புச்சத்துக் குறையா, வேரில் தண்ணீர் தேங்கியதா என்று பார்ப்பதில்லை. வண்டியிலும் அப்படித்தான்: நோய் தெரியும் முன்பே மருந்து.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது? முன்பு டீசல் பம்பே எவ்வளவு எண்ணெய், எப்போது என்று முடிவு செய்தது. நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 விதியும் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதியும் வந்தபின், அந்த முடிவைப் பெரும்பாலான டீசல் வண்டிகளில் ஒரு சிறு கணினி எடுக்கிறது. கிராங்க் சென்சார், கேம் சென்சார், ரெயில் அழுத்த சென்சார், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாம் அதற்குச் செய்தி அனுப்பும். அது இன்ஜெக்டரைத் திறந்து மூடும். செய்தி வரவில்லை என்றாலும், மின்சாரம் வரவில்லை என்றாலும் பெட்டி சும்மா இருக்கும். பார்ப்பவருக்குப் பெட்டி செத்ததுபோலவே தெரியும்.

அதனால் பெட்டியில் கை வைக்கும் முன் சிலவற்றை நீங்களே நின்று பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருந்தால் 12 வோல்ட் வண்டியில் ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது பத்துக்கும் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியையும் கேபிளையும் கவனியுங்கள். என்ஜினுக்கும் சேசிஸுக்கும் போகும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறதா, மெயின் ரிலேயும் பியூஸும் நன்றாக இருக்கின்றனவா? சாவியை ஆன் செய்தால் செக் என்ஜின் விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். எரியவே இல்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால், பெட்டிக்கு மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்பதே அடுத்த கேள்வி; பெட்டியின் விலை அல்ல.

இன்னொன்றும் உண்டு. பல சென்சார்களுக்குப் பெட்டியிலிருந்து 5 வோல்ட் போகிறது. அந்த வரிசையில் ஒரே ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்தால் குற்றவாளி கிடைத்துவிடும். அரை மணி நேர வேலை. பொறுமை இல்லாத பட்டறையில் இது நடக்காது.

நம் வண்டிகளுக்கு எலியும் ஒரு பெரிய எதிரி. நெல் குடோன், தீவனக் கொட்டகை ஓரம் நிற்கும் வண்டியில் வயர் கட்டைக் கடித்து வைக்கும். அடுத்தது வெல்டிங். டிரெய்லர் கொக்கியோ பாடியோ ஒட்டவைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் நல்ல பெட்டியும் போகலாம். 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் பிக்கப்புக்குக் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதும், பெட்டி இருக்கும் பக்கம் பிரஷர் தண்ணீர் அடிப்பதும் அப்படித்தான்.

எல்லாம் பார்த்தபின் பெட்டிதான் கெட்டது என்று உறுதியானால், பழைய பெட்டியை எந்தக் காரணத்துக்கும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். வண்டி ஓடி ஒரு வாரம் ஆகும்வரை அது உங்களிடம் இருக்கட்டும். உங்கள் வண்டியின் மென்பொருள், சாவிப் பூட்டின் குறியீடு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் எண் எல்லாம் அதன் நினைவகத்தில் இருக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பெட்டி கிடைக்கும்; மேலே உள்ள பார்ட் எண்ணும் மென்பொருள் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்தாலும் அப்படியே மாட்டினால் பல வண்டிகள் கிளம்பாது. பழைய பெட்டியின் தகவலைப் படித்து இதில் ஏற்ற வேண்டும். அதற்குக் கருவியும் தெரிந்த ஆளும் வேண்டும். வாங்கும் முன் எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். "அதோட பிக்கப்பும் ஏத்தித் தர்றேன், இ.ஜி.ஆரையும் அடைச்சுடலாம்" என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது சட்டப்படி தவறு, எப்.சி.யிலும் மாட்டும்.

இனி உழவர் கையில் இல்லாத பகுதிக்கு வருகிறேன். ஸ்கேனர் மென்பொருளையும் குறியீடுகளையும் நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் மையங்களுக்குள்ளேயே பூட்டி வைத்தால், கிராமத்து மெக்கானிக் ஊகத்தில்தான் வேலை செய்வார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கார்களுக்கான உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் வாகனங்களும் பண்ணைக் கருவிகளும் உள்ளன. ஒரு இணையதளமும் வந்தது. கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம்தான் வரவில்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் பண்ணை இயந்திரங்களுக்கென்றே இந்த உரிமையைச் சட்டமாக்கி, 2024 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. டிராக்டர் உழவர்களும் இதைத் தள்ளிப்போட முடியாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்துவிட்டது. அதே பெட்டி அங்கேயும் ஏறிக்கொண்டிருக்கிறது.

நான் இருக்கும் தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது, மத்திய பாலிடெக்னிக்கும் இருக்கிறது. பயிர் படித்தவர்களும் இயந்திரம் படித்தவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும், உழவரின் வண்டி இரு தரப்புக்கும் நடுவில் நிற்கிறது. விரிவாக்கப் பணியாளர்கள் இதைத் தங்கள் வேலையாகவும் நினைக்க வேண்டும். ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒரு நல்ல ஸ்கேனரை வாங்கி, உள்ளூர் மெக்கானிக் இருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால், உறுப்பினர்கள் எல்லோருக்கும் பயன். வேளாண்மைப் பொறியியல் துறை, இயந்திர வாடகையோடு சேர்த்து இந்தச் சோதனையையும் வட்டார அளவில் தரலாம்.

அடுத்த மாதம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள், கடன், இழப்பீட்டு மனுக்களோடு இதையும் எழுதிக் கொடுங்கள்: வண்டி, டிராக்டர் நிறுவனங்கள் கோளாறுக் குறியீடுகளையும் மென்பொருளையும் நியாயமான கட்டணத்தில் எந்தப் பட்டறைக்கும் தர வேண்டும், ஒரு மாடலின் விற்பனை நின்றபின் எத்தனை ஆண்டுகளுக்குப் பெட்டி கிடைக்கும் என்பதை விற்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும்.