சாட்டிலைட் ரேடியோ கேட்க காரில் என்ன வேண்டும்? ஒரு லைசென்ஸ் வேண்டும்!

காருக்குப் புது ஸ்டீரியோ மாட்டக் கிளம்புகிறவர்களிடம் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "இதுல சாட்டிலைட் ரேடியோ வருமா?" வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட்ஹேண்ட் செட் என்றால் முகப்பிலேயே 'சாட் ரேடியோ ரெடி' என்று எழுதியிருக்கும். தனியாக ஒரு பட்டன்கூட இருக்கும். அமுக்கினால் ஒன்றும் வராது. அப்புறம் ஆன்டெனா சரியில்லை, வயரிங் சரியில்லை, இன்னொரு பெட்டி வாங்கணும் என்று பர்ஸ் இளைக்க ஆரம்பிக்கும்.

பைசா செலவழிக்க வேண்டாம். வராது. கோவில்பட்டியில் மட்டுமில்லை, இந்தியாவில் எந்த ஊர் ரோட்டிலும் வராது. ஏன் வராது என்பதுதான் இங்கே சங்கதி. அது எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் தப்பு இல்லை.

முதலில் சாமான்கள். அமெரிக்காவில் 2001-இல் எக்ஸ்எம், 2002-இல் சிரியஸ் என்று இரண்டு கம்பெனிகள் வண்டிகளுக்கான சாட்டிலைட் ரேடியோவை ஆரம்பித்தன. 2008-இல் இரண்டும் ஒன்றாகி சிரியஸ்எக்ஸ்எம் ஆனது. அங்கே ஒரு காருக்குத் தேவைப்படுவது ரொம்பக் கொஞ்சம். கூரைமேல் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற, கிட்டத்தட்ட தீப்பெட்டி சைஸ் ஆன்டெனா ஒன்று. அது பிடிக்கிற சிக்னலைப் பாட்டாக மாற்றும் ட்யூனர் ஒன்று. ட்யூனரை இயக்கி, பாட்டின் பெயரைத் திரையில் காட்டத் தெரிந்த ஸ்டீரியோ. அவ்வளவுதான். 'ரெடி' என்று போட்டிருந்தால் ட்யூனரைச் செருக பின்னால் ஓட்டை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ட்யூனரே உள்ளே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை! பழைய ஸ்டீரியோ என்றாலும் கவலையில்லை. தனிப் பெட்டியை வாங்கி ஆக்ஸ் வயரிலோ, கேசட் அடாப்டரிலோ, குட்டி எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வழியாகவோ இணைத்துக்கொள்ளலாம். கடைசியாக, ட்யூனர் நம்பரைச் சொல்லிச் சந்தா கட்டினால் பாட்டு வரும்.

இந்தச் சாமான் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து கோவில்பட்டியில் மாட்டினாலும் கப்சிப்தான். அந்தச் சாட்டிலைட்டுகள் வட அமெரிக்காவுக்காக மட்டும் பாடுகின்றன.

சரி, நமக்கு என்று ஒன்று இருந்ததே இல்லையா? இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

நோவா சமாரா என்ற எத்தியோப்பியர் 1990-இல் தொடங்கிய வேர்ல்டுஸ்பேஸ், அமெரிக்காவின் எக்ஸ்எம்மில் ஆரம்ப காலத்தில் பணம் போட்ட கம்பெனிகளில் ஒன்று. இரண்டும் ஒரே வேரில் கிளைத்த செடிகள் என்றே சொல்லலாம். 2000 மார்ச்சில் ஏசியாஸ்டார் என்ற சாட்டிலைட்டை வேர்ல்டுஸ்பேஸ் மேலே அனுப்பியது. இந்தியாவில் கடை விரித்தது. ஏ.ஆர்.ரஹ்மான் அதற்கு இசையமைத்து விளம்பரத்திலும் வந்தார். தமிழுக்குக் கே.எல். ரேடியோ. கர்நாடக சங்கீதத்துக்கு மட்டுமே 24 மணி நேரமும் 'ஸ்ருதி' என்று ஒரு சேனல்! முத்துசுவாமி தீட்சிதர் கண்மூடிய எட்டயபுரம் கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஊருக்கு ராப்பகலாகக் கீர்த்தனை வானத்திலிருந்து இறங்கிய சில வருஷங்கள் நிஜமாகவே இருந்தன. இன்றைக்கு எந்த எஃப்எம்மில் அதைத் தேடுவது?

ஆனால் அந்த செட் வீட்டு ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. தட்டையான ஆன்டெனாவை வானம் தெரிகிற பக்கம் திருப்பி வைத்து, சிக்னல் கோடு ஏறுகிறதா என்று பார்த்து, அப்படியே அசையாமல் விட வேண்டும். ஓடுகிற வண்டிக்கு அது தோதுப்படாது. சாட்டிலைட் இருப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். இங்கே வந்து சேரும்போது சிக்னல் நூலாக இருக்கும். ஒரு பாலம், ஒரு கட்டடம், ஒரு ஆலமரம் போதும், அறுந்துவிடும். இதை அமெரிக்கர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? ஒரே நிகழ்ச்சியை ஒன்றுக்கு மேற்பட்ட சாட்டிலைட்டிலிருந்து சில விநாடி இடைவெளி விட்டு அனுப்பினார்கள். ஒன்று மறைந்தால் இன்னொன்று கைகொடுக்கும். கட்டடங்கள் நெருங்கிய நகரங்களில் அதே நிகழ்ச்சியைத் தரையிலிருந்து திருப்பி அனுப்ப ரிப்பீட்டர் டவர்கள் வைத்தார்கள்.

இந்த ரிப்பீட்டருக்குத்தான் இங்கே அனுமதி வேண்டும். டிராய் 2005-இலேயே சாட்டிலைட் ரேடியோ பற்றிய பரிந்துரைகளை மத்திய அரசுக்குக் கொடுத்துவிட்டது. ஃபைல் நகர்ந்தது, நின்றது, தூங்கியது. வேர்ல்டுஸ்பேஸ் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் மூச்சு நின்றது. அதுவரைக்கும் கொள்கை வரவில்லை. முன்கூட்டியே சந்தா கட்டிய சனங்கள் கையில் இருந்த செட், பேப்பர் பறக்காமல் இருக்க வைக்கிற கல்லாகிப் போனது.

உடனே மேதாவிகள் ஒரு தீர்ப்பு எழுதினார்கள்: "இந்தியர்கள் ரேடியோவுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள்." இன்றுவரை இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். சுத்தப் பொய்! வேர்ல்டுஸ்பேஸின் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள்தான். வீட்டில் வேறு ரேடியோவும் டிவியும் இலவசமாக இருக்கும்போதே, ஜன்னலில் வைத்துக் கேட்கக் காசு கொடுத்த ஆட்கள் அவர்கள். கரிசல்காட்டுக் கிராமங்களில் ஓட்டு வீட்டின் மேல் நிற்கிற டிடிஎச் குடைகளை எண்ணிப் பார்த்தாலே, காசு யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பி.காம். முதல் வருஷக் கணக்கே இதற்குப் போதும். சாட்டிலைட் என்பது முழுக்க முழுக்க நிலைச் செலவு. ஒருத்தர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் மேலே ஆகிற செலவு ஒன்றுதான். ஆகவே தலைகள் சேரச் சேரத்தான் லாபம். ரேடியோ கேட்கிற தலைகள் அதிகம் எங்கே இருக்கின்றன? வண்டிக்குள்ளே! ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கைக்கும் ரோட்டைப் பார்க்கிற கண்ணுக்கும் வேறு பொழுதுபோக்கு கிடையாது. சிரியஸும் எக்ஸ்எம்மும் கடனில் தத்தளித்தும் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், கார் கம்பெனிகள் தொழிற்சாலையிலேயே ட்யூனரை வைத்து, சில மாதம் இலவசமாகக் கேட்க விட்டு, பிறகு சந்தா கேட்டதுதான். வேர்ல்டுஸ்பேஸும் கடைசிக் காலத்தில் இத்தாலியில் ஃபியட் காரோடு ஒப்பந்தம் வரை போனது. இந்தியாவில் அந்தக் கதவே மூடிக் கிடந்தது. பெரிய சந்தையைப் பூட்டி வைத்துவிட்டு, சின்னச் சந்தையில் விற்றது போதவில்லை என்று வாடிக்கையாளர் மேல் பழி போட்டால் எப்படி? (கம்பெனியின் கடன் சுமை தனிக் கதை. அதில் அவர்களும் உத்தமர்கள் இல்லை.)

கொடுமை என்னவென்றால், ரிப்பீட்டர் அதிகம் தேவைப்படாத நிலமும் இந்தியாவில் உண்டு. அதுதான் கரிசல். ஏசியாஸ்டார் நின்றது 105 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர் மேலே. கோவில்பட்டியிலிருந்து கணக்குப் போட்டால் கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 55 டிகிரிக்கும் மேலே வருகிறது. நல்ல உச்சி. கயத்தாற்றிலிருந்து சாத்தூர் வரை நாலுவழிச் சாலையில் அந்த உயரத்தை மறைக்க என்ன இருக்கிறது? பருத்தியும் உளுந்தும் கம்பும் மறைக்காது. ஓரத்து உடைமரமும் சீமைக்கருவேலும் அவ்வளவு உசரம் வளராது. கயத்தாற்றுக் காற்றாலை றெக்கை வேண்டுமானால் இடையில் ஒரு வெட்டு வெட்டலாம்! டெல்லி, மும்பை அடுக்குமாடிகளை மனதில் வைத்துப் போட்ட பூட்டு, வெட்டவெளியில் கிடந்த சனத்துக்கும் சேர்த்து விழுந்தது.

இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், கார்க்காரருக்கு இல்லை. லாரிக்காரருக்கு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசியிலிருந்து தீப்பெட்டி பண்டலும் பட்டாசும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற வண்டிகள் நாள்கணக்கில் ஓடுகின்றன. எஃப்எம்மின் எல்லை ஐம்பது அறுபது கிலோமீட்டர். கோவில்பட்டியிலேயே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொடைக்கானலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கரகரக்கும். ஓசூரைத் தாண்டினால் தமிழே கிடையாது. நாக்பூர் போகும் வரை பென்டிரைவில் ஏற்றிய அதே நானூறு பாட்டு, சுற்றிச் சுற்றி. சாட்டிலைட் ரேடியோவின் பெரிய குணமே ஊர் மாறினாலும் சேனல் மாறாது என்பதுதான். கோவில்பட்டியில் ஆரம்பித்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே ஆந்திராவைத் தாண்டலாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் சொக்கும்போது சொந்த பாஷையில் ஒரு மனிதக் குரல் என்பது ஆடம்பரமா?

"அதான் செல்போன் வந்தாச்சே, ஆப்பில் கேட்டுக்கோ" என்பது அடுத்த வாதம். நியாயமாகத்தான் தெரியும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்துவிட்டால். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸோடு எண்ணூறு பேர் சுமார் இரண்டு நாள் சிக்கிக்கொண்டார்கள். கரண்ட் போனது, டவர்கள் செத்தன, கையிலிருந்த ஸ்மார்ட்போன் எல்லாம் டார்ச்லைட் ஆனது. எந்த ரோடு அறுந்தது, எந்தக் குளம் உடைந்தது, எங்கே சோறு போடுகிறார்கள் என்று தெரியாமல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டமே இருட்டில் நின்றது. அந்த நேரத்தில் வானத்திலிருந்து வருகிற ஒலிக்குத் தரையில் டவர் தேவையில்லை; வண்டி பேட்டரி போதும். ஒரு தெருவுக்கு ஒரு லாரி நின்றால் தெருவே கேட்கும்.

இது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2017 நவம்பரில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மீனவர்களைக் கொன்று குவித்த பிறகு, கரையிலிருந்து தூரமாய்ப் போன படகுக்கு எச்சரிக்கை போய்ச் சேராது என்று அரசு ஒருவழியாகப் புரிந்துகொண்டது. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்று ஒரு சின்னப் பெட்டியை வெளியிட்டது. இந்தியாவின் சொந்த ககன் சாட்டிலைட் சிக்னலில் புயல் எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத்தில் மீனவர் போனுக்குக் கொடுக்கும் பெட்டி அது. செல் டவர் வேண்டாம். ஆக, வானத்திலிருந்து நகரும் வண்டிக்குச் செய்தி சொல்ல இந்த அரசுக்குத் தெரியும். அது எழுத்துச் செய்திதான், பாட்டு இல்லை. ஆனால் வழி அதுதான். வீட்டுக்கும் வழி இருக்கிறது: டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வானொலிச் சேனல்கள் சாட்டிலைட்டிலிருந்தே வருகின்றன. கூரையில் அசையாமல் குடை நிற்க வேண்டும், அவ்வளவுதான். கடலில் படகுக்கு உண்டு, கரையில் வீட்டுக்கு உண்டு. நடுவே ரோட்டில் போகிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

பாவம் எதுவென்று ஊகிக்கலாம். தனியார் எஃப்எம் இன்றுவரை சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணி வாசித்ததைத் திருப்பிப் போடலாம். டிவியில் நாள் முழுக்கக் கத்தலாம், பேப்பரில் எதையும் எழுதலாம், ரேடியோவில் மட்டும் கூடாது. சாமானியன் காதுக்கு நேராகப் போகிற சாதனம் என்றால் டெல்லிக்கு எப்போதும் ஒரு நடுக்கம். நாடு முழுக்க ஒரே வீச்சில் கேட்கிற தனியார் ரேடியோ என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்ததாக வருவது டிஜிட்டல் ரேடியோவாம். இதிலும் காரின் பக்கம் ரெடி. மாருதி, ஹூண்டாய் வண்டிகள் சிலவற்றில் டிஆர்எம் என்ற டிஜிட்டல் ட்யூனர் தொழிற்சாலையிலேயே வந்துவிடுகிறது. வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது. பேரிடர் நேரத்தில் தானாகவே எச்சரிக்கைக்கு மாறும் வசதியும் அந்த முறையில் உண்டு. தனியார் டிஜிட்டல் ஒலிபரப்பு பற்றி 2025 அக்டோபரில் டிராய் மறுபடியும் பரிந்துரை கொடுத்திருக்கிறது. ஆரம்பிக்கப் போகிற ஊர்கள் 13. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு என்று பட்டியல் போகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஊர், சென்னை. கயத்தாற்றிலிருந்து சாத்தூர் வரைக்கும், வழக்கம்போல, பென்டிரைவ்.