கூடாரத்துக்கு இடம் தேடுவோர்க்கு

விடுமுறை நெருங்கினால் எமக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடும். இவ்வாரம் மட்டக்களப்பு மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். நண்பர்கள் ஐவர் பணம் சேர்த்து இரண்டு கூடாரங்கள் வாங்கிவிட்டார்களாம். "எந்தக் கூடாரம் நல்லது என்று கடைக்காரர் சொன்னார், எந்த இடம் நல்லது என்று சொல்வார் ஒருவருமில்லை" என்பது அவருடைய குறை. நியாயமான குறைதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கூடாரம் ஒரு துணியே. இரவில் எம்மைக் காப்பது அது நிற்கும் நிலம். இதனை நாம் புத்தகத்திற் படித்து அறியவில்லை. ஒரு மூதாட்டியிடம் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், நண்பர் ஒருவருடைய குடும்பத்தாருடன் நக்கிள்ஸ் மலைப் பிரதேசத்துக்குச் சென்றிருந்தோம். நண்பரின் தாயாரும் உடன் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர், முல்லைத்தீவுப் பக்கத்தவர். உன்னஸ்கிரியவைத் தாண்டி, மலையின் மறு சரிவில் இறங்கி, பிற்பகல் நான்கு மணியளவில் ஓர் ஓடைக் கரையை அடைந்தோம். மெத்தை விரித்தாற்போன்ற மணற்றிட்டு, தெளிந்த நீர், மேகமற்ற ஆகாயம். பிள்ளைகள் ஆரவாரித்தனர். நாமும் நண்பரும் முளைகளை அடிக்கத் தொடங்கிவிட்டோம். ஆச்சி மட்டும் கரையோரமாக மெல்ல நடந்து சென்று ஒரு பற்றையின் அருகே நின்றார்.

"தம்பியவை, இஞ்சை வந்து பாருங்கோ" என்று அழைத்தார்.

பற்றையின் கிளைகளில், இடுப்பளவு உயரத்தில், காய்ந்த சருகும் புல்லும் சிக்கிக் கிடந்தன.

"இது காத்துக் கொண்டு வந்ததில்லை. தண்ணி கொண்டு வந்தது. இவ்வளவுக்குத் தண்ணி வாற இடத்திலையோ பிள்ளையளைப் படுக்க வைக்கப் போறியள்?"

"மழை ஒண்டும் இல்லையே, அம்மா" என்றார் நண்பர்.

"இஞ்சை இல்லை. மலையிலை?"

எமக்கு மறுமொழி தோன்றவில்லை. முளைகளைப் பிடுங்கிக்கொண்டு, மேட்டிலே தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய வரம்போரத்திற் கூடாரம் அடித்தோம். அன்றிரவு எமது தலைக்கு மேலே ஒரு துளி மழையும் விழவில்லை. ஆனால் பதினொரு மணியளவில் ஓடை இரையத் தொடங்கிற்று. விடிந்ததும் சென்று பார்த்தோம். மணற்றிட்டு இருந்த இடத்திற் கலங்கிய வெள்ளம் சுழித்தோடிக் கொண்டிருந்தது.

தேநீர் அருந்தும்போதே ஆச்சி தாம் இதனைக் கற்ற இடத்தைச் சொன்னார். 2009ஆம் ஆண்டு அவர் செட்டிகுளத்திற் கூடாரத்தில் வாழ்ந்தவர். மழை வந்தபோது பள்ளத்தில் நின்ற கூடாரங்களுக்குள் நீர் புகுந்தது. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்தார்களாம். "அண்டைக்கு எங்கை இருக்கிறதெண்டு நாங்கள் தெரியேலாது. இண்டைக்குத் தெரியலாம். தெரியக்கூடிய நேரத்திலை பாத்துத் தெரிய வேண்டாமே?" என்றார். அன்று முதல் நாம் பார்த்துத் தெரியும் முறைகளையே இங்கு எழுதுகின்றோம்.

முதலிற் பார்க்க வேண்டியது மாதத்தை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குப் பகுதியையும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளையும் நனைக்கும். அக்காலத்திற் கிழக்குக் கரை வறண்டிருக்கும். ஆகவே ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலை முதல் அறுகம்குடா வரையுள்ள கரை ஏற்றது. டிசெம்பரில் வடகீழ்ப் பருவமழை கிழக்கையும் வடக்கையும் நனைக்கும். அப்போது தென்மேற்குக் கரையை நாடலாம். சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல்தோறும் இடிமுழக்கம் வரக்கூடும். அந்நாட்களில் தனிமரத்தடியும் மலை முகடும் ஆகா. ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. தை மாசியில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. பருத்திப் போர்வையுடன் குழந்தைகளை அங்கு கொண்டுசெல்லற்க.

இரண்டாவது அனுமதி. தேசியப் பூங்காக்களில் நினைத்த இடத்திற் கூடாரம் அடித்தல் இயலாது. வனசீவராசிகள் திணைக்களம் குறித்துள்ள இடங்களில் மட்டும், முற்கூட்டியே பதிவு செய்து தங்கலாம். ஒதுக்கக் காடுகளுக்கு வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தனியார் நிலமாயின் உரிமையாளரைக் கேட்டல் மரியாதை மட்டுமன்று, பாதுகாப்புமாகும். அந்நிலத்தின் குணத்தை அவரைவிட அறிந்தவர் யார்?

மூன்றாவது யானை. வறட்சிக் காலத்திற் குளங்கள் வற்ற, அவற்றின் படுகையிற் பசும்புல் முளைத்துப் பார்ப்பவரை வாவென்று அழைக்கும். அப்புல்லுக்காகவும் எஞ்சிய நீருக்காகவும் யானைகள் கூடும் இடமும் அதுவே. மின்னேரியாக் குளத்தில் ஆண்டுதோறும் அவை பெருந்தொகையாகத் திரள்வதை உலகமே வந்து பார்க்கின்றது. பார்க்கச் செல்லுங்கள், படுக்கச் செல்லாதீர்கள். யானை நடமாடும் பிரதேசத்தில் வாழைப்பழமோ அரிசியோ உப்போ கூடாரத்துள் இருத்தலாகாது.

பின்னர் நிலத்தைப் பாருங்கள். சிறிது மேடாக, நீர் வடிந்தோடும் சரிவுடன் இருத்தல் வேண்டும். அண்ணாந்து பாருங்கள்: பட்டுப்போன கிளையோ தேங்காய்க் குலையோ தலைக்கு மேல் இருத்தலாகாது. குனிந்து பாருங்கள்: புற்றும் கற்குவியலும் பாம்புக்கு உறைவிடம். ஓடையிலிருந்து அறுபது எழுபது அடி வைப்பாவது விலகியிருங்கள். கடற்கரையாயின், பாசியும் சிப்பியும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே செல்லுங்கள். வாயில் காற்றுக்கு முதுகு காட்டட்டும்.

குடும்பத்துடன் செல்வோர் குடிநீர், மலசலகூடம், அண்மையிலுள்ள ஆஸ்பத்திரி ஆகிய மூன்றின் தூரத்தையும் புறப்படுமுன்னரே அறிந்திருத்தல் அவசியம். வாகனத்துள் உறங்குவோர் அதனைக் கெட்டித் தரையில், வெளியேறும் திசையை நோக்கி நிறுத்துக. உள்ளே கரியடுப்பு மூட்டுவதும், இயந்திரத்தை ஓடவிட்டு உறங்குவதும் உயிருக்கு அபாயம். நச்சுவாயு மணமின்றி வரும். வழியிலே தாம்போதி இருப்பின் மழைக்குப்பின் அது எத்தனை மணிநேரம் மூடிக்கிடக்கும் என்று ஊராரைக் கேளுங்கள்.

இவ்வளவையும் நினைவில் வைத்தல் சிரமமெனின், மட்டக்களப்பு நண்பர் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பிற்பகல் மூன்று மணிக்குமுன் இடத்தை அடையுங்கள். இருட்டில் எல்லா நிலமும் நல்ல நிலம்போலத் தோன்றும். அடைந்ததும், முளை அடிக்குமுன், அவ்வூரில் வயது முதிர்ந்த ஒருவரைத் தேடி, "இங்கே வெள்ளம் எதுவரை வரும்? யானை எவ்வழி நடக்கும்?" என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டும் இடத்திற் கூடாரத்தை அடித்துவிட்டு நிம்மதியாக உறங்குங்கள். திரும்பி வந்ததும் எமக்கு எழுத மறவாதீர்கள்.