ஓரியூர் மண்ணும் பொன் தளமும்

இடைக்காலக் கிறிஸ்தவப் பலகை ஓவியங்களை அச்சுப்பிரதிகளில் பார்த்துவிட்டு ‘யதார்த்தத்தை உதறிய தூய வடிவம்’ என்று சிலாகிக்கிற நம் நண்பர்கள், ஓரியூர் அருளானந்தரின் சுரூபத்தைக் ‘காலண்டர் சமாச்சாரம்’ என்று ஒதுக்குகிறார்கள். இதற்கு ரசனை என்று பெயர். எனக்கு இது வெறும் தூரத்தின் மீதுள்ள மயக்கமாகவே படுகிறது.

அந்தப் பலகைகள் வடிவத்துக்காகத் தீட்டப்பட்டவை அல்ல. அஸிஸி பிரான்சிஸ் 1226-ல் இறந்தார். ஒன்பதே ஆண்டுகளில், 1235-ல், பொனவெந்தூரா பெர்லிங்கியேரி அவரைப் பெஷியா தேவாலயத்துக்காகப் பலகையில் தீட்டினார். முகச்சாயலை அவர் தேடவில்லை. கைகால்களில் காயம், கையில் புத்தகம், இடுப்பில் கயிறு, இருபுறமும் ஆறு சம்பவங்கள், பின்னால் பொன். அடையாளம்தான் ஆள். கத்தரீனாளுக்குச் சக்கரம், வெரோனா பீட்டருக்குத் தலையில் இறங்கிய வெட்டுக்கத்தி. மரணமே அங்கே முகவரி.

லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ காவியும் தலைப்பாகையும் தரித்துப் பண்டாரசாமியானவர். 1693 பிப்ரவரி 4 அன்று, கிழவன் சேதுபதியின் ஆட்சியில், ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். 1947-ல் புனிதரானார். தன் உடம்பையே அடையாளமாக மாற்றிக்கொண்ட இவருக்கு நாம் தந்தது என்ன? நான் கண்ட படங்களில் எல்லாம் ரோஜாக் கன்னம், வானம் பார்த்த கண். காவி வெறும் வேஷம்.

ஆக, என் சண்டை நண்பர்களோடு மட்டும் அல்ல. அவர் இறந்து ஒரு தலைமுறைக்குள் ராமநாதபுரம் ராமலிங்க விலாசச் சுவர்களில் ராமாயணமும் பாகவதமும் போர்க்களமும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டன. ஐரோப்பியரையும் அந்தத் தூரிகை விடவில்லை. அரசன் வெட்டச் சொன்னவரை அரண்மனையில் தீட்டுவார்களா என்பீர்கள். நான் கேட்பது சுவரை அல்ல, கையை. கதையைக் கட்டம் கட்டமாகச் சொல்லத் தெரிந்த கை இந்தச் சீமையிலேயே இருந்தது. கோயில் அதைக் கூப்பிட்டதற்கான சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. சாயலை மட்டும் கப்பலில் வரவழைத்துக்கொண்டார்கள்.

இந்த இரு தரப்பையும் மீறி ஜனங்கள் வேறொன்று செய்கிறார்கள். அவர் ரத்தத்தால் சிவந்தது என்று நம்பி ஓரியூர்ச் செம்மண்ணைப் பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பலகையில் பொன் செய்த வேலையை இங்கே அந்த மண் செய்கிறது: புனிதரை வெறும் இடத்திலிருந்து பிரித்து நிறுத்துகிறது. படிமம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். இத்தாலி காத்திருக்கும்.