படகுக்கு நிறம்: செலவு யார் தலையில்?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கார் தொழிற்சாலைகளிலே காருக்கு வண்ணம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூடிய அறை, வடிகட்டி உள்ளே விடப்படும் காற்று, மனிதன் கைக்குப் பதில் யந்திரக் கை, பிறகு சூட்டறையிலே பதப்படுத்துதல். மினுமினுக்கும் காரின் மேல் ஒரு தூசி படக்கூடாது என்பதற்காக இத்தனை ஏற்பாடு!

அதே தமிழ்நாட்டிலே, சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரையிலே சுண்ணாம்புக்குளம், அண்ணாமலைச்சேரி என்று மீனவர் ஊர்கள் இருக்கின்றன. இங்கே கார் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படகுதான் இவர்களுக்கு வண்டி, படகுதான் சோறு. அந்தப் படகுக்கு வண்ணம் பூசுவது வெட்டவெளியிலே, உச்சி வெயிலிலே, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளும் சேர்ந்து செய்கிற வேலை. யந்திரக் கை இல்லை, சொந்தக் கை. சரி, பெயிண்டுக்குப் பணம்? அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

"படகுக்கு வண்ணம் என்ன ஆடம்பரம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மரப்படகுக்கு அது ஆடம்பரமில்லை, ஆயுள். முன்காலத்திலே கலப்பத்துப் பார்த்து, பலகை இடுக்கிலே பஞ்சை அடைத்து, மீனெண்ணெயும் கீலும் பூசி மரத்தைக் காப்பாற்றினார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். பைபர் மக்காது, உண்மை. ஆனால் வெயிலும் உப்பும் சேர்ந்து மேல்பூச்சை வெளுக்க வைக்கும்; நாளாவட்டத்தில் அது மாவாக உதிரும்; கீறலுக்குள் தண்ணீர் இறங்கும். ஆகவே அதற்கும் பூச்சு வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2008 நவம்பரிலே மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, அதிலிருந்த உழைப்பாளிகளைக் கொன்றுவிட்டு வந்தார்கள். அந்தத் தாக்குதலில் முதலில் பலியானவர்களே மீனவர்கள்தான். அதற்குப் பிறகு வந்த பாதுகாப்பு ஏற்பாடு என்ன? மாநிலத்துக்கு மாநிலம் படகுக்கு ஒரு நிறக்குறி; நாடு முழுவதற்கும் ஒரே மாதிரிப் பதிவு எண்; மீனவருக்கு அடையாள அட்டை. தேசத்தின் பாதுகாப்புக்கு இது அவசியம் என்றால் அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ரயில் வண்டிக்கு நிறம் மாற்றினால் செலவை ரயில்வே ஏற்கிறது. போலீஸ் ஜீப்புக்கு நிறம் மாற்றினால் சர்க்கார் ஏற்கிறது. கடலிலே போகும் ஏழையின் படகுக்கு மட்டும் உத்தரவு சர்க்காருடையது, டப்பா அவனுடையது என்றால் அது என்ன நியாயம்?

பெயிண்டு வாங்கும் காலத்தையும் பாருங்கள். வண்ணம் காய வெயில் வேண்டும். ஆகவே கோடைதான் பருவம். கோடையிலேதான் ஏரி வற்றிக் குறுகுகிறது, தண்ணீரில் உப்பு ஏறுகிறது. கிழக்குக் கடற்கரையிலே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் அப்போதுதான். விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். வருமானம் ஒடுங்கும் மாதத்தில் செலவு வாசலில் நிற்கிறது. அப்போது கை கொடுக்க வருகிறவர் யார்? மீன் வியாபாரி. முன்பணம் தருவார், சிரித்த முகத்தோடு தருவார். ஆனால் பிடிக்கிற மீனையும் இறாலையும் நண்டையும் அவரிடமே போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். வட்டி என்று தனியாக எழுதுவதில்லை. விலையிலே ஒளிந்துகொள்கிறது அந்த வட்டி. அறுவடையில் நெல்லாகத் தருகிறேன் என்று ஆடிமாதம் கடன் வாங்கிய விவசாயக் கூலிக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே செலவைக் குறைப்பது கஞ்சத்தனமல்ல, கடனுக்குப் போகும் வழியை அடைப்பது. நம் மீனவத் தோழர்கள் ஏற்கனவே தம் கையாலே பூசிக்கொள்கிறார்கள், கூலி மிச்சம். ஆனால் பெயிண்டு வீணாகாமல் இருக்க வேண்டுமே! 28 அடிப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டு உயரம் மூன்றடி என்று வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 168 சதுர அடி. ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். இரண்டு பூச்சுக்கு மூன்றரை லிட்டர் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் போடுவார் கணக்கு.

வண்ணம் உரிந்து போவதற்குப் பெரும்பாலும் பெயிண்டு காரணமல்ல, அவசரம் காரணம். படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். உப்பு ஒரு பொட்டு உள்ளே தங்கினாலும் அது ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். கொப்புளம் வெடித்தால் மேலே பூசிய பணம் தண்ணீரில் போயிற்று. நன்றாகக் காய்ந்த பிறகு, பள்ளத்துக்குப் பட்டி வைத்து, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் ஒரு கை, பிறகு மெல்லிய பூச்சாக இரண்டு கை. கனமாக ஒரே பூச்சு அடித்தால் மேலே தோல் கட்டும், உள்ளே காயாது. காலைப் பனி விலகிய பிறகு தொடங்கி, வெயில் கொதிக்கும் முன்னே நிறுத்துவது நல்லது. ஆலைத் தோழர் தம் சைக்கிளுக்கோ பழைய ஆட்டோவுக்கோ அடித்தாலும் இதே முறைதான்.

அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத விசேஷ பெயிண்டு என்று ஒன்று விற்கிறார்கள், விலை அதிகம். தினம் கரையேறிக் காயும் படகுக்கு அது தேவையே இல்லை, சுரண்டினால் போதும். காசு மட்டுமல்ல காரணம். பிரான்சு தேசத்திலே அர்க்கஷோன் என்ற வளைகுடா, சிப்பி வளர்ப்புக்குப் பேர்போனது. 1970-களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடு தாறுமாறாகத் தடித்தது. படகுகளின் அடியில் பூசிய டிரைபியூட்டைல் டின் என்ற நஞ்சே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1982-இல் சிறு படகுகளுக்கு அதைப் பிரான்சு தடை செய்தது. 2001-இல் உலக உடன்பாடு ஏற்பட்டு 2008-இல் அமலுக்கு வந்தது. பாசியைக் கொல்ல வந்தது பிழைப்பைக் கொன்றது. நம் ஏரியும் சிப்பியும் நண்டும் இறாலும் வாழ்கிற ஏரிதான். சுரண்டிய பழைய பெயிண்டை ஏரியோரம் தட்டிவிடாமல், கீழே தார்ப்பாய் விரித்துக் கூட்டி எடுத்து மூட்டை கட்ட வேண்டும்.

மனிதனுக்கு வரும் கேடு இதைவிடப் பெரிது. பழைய வண்ணங்களிலே, முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருக்கும். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் குழந்தையின் வாய்க்குப் போகும், மூளையைக் கெடுக்கும். இவ்வளவு ஈயம் வரை குற்றமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவிலே 2016-இல் விதி போட்டார்கள். 2017 நவம்பர் 1 முதல் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது. நல்ல விதி! ஆனால் எந்தப் பெயிண்டுக்கு? வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் ஆன பெயிண்டுக்கு மாத்திரம். தொழில் உபயோகப் பெயிண்டு அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. மாளிகைச் சுவருக்குக் காவல், மீனவன் வாசலில் கிடக்கும் படகுக்குக் காவல் இல்லை. அந்தப் படகின் நிழலிலேதான் அவன் குழந்தை விளையாடுகிறது. தவிரவும், கெட்டிப்படுத்தும் மருந்து கலந்து அடிக்கும் இரண்டு டப்பா வண்ணங்களை வீட்டில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமா. மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. பிரஷ் போதும்.

இனி வாங்கும் வழி. தனித்தனியாக ஒரு லிட்டர் டப்பா வாங்குகிறவன் அதிக விலை கொடுக்கிறான். 20 லிட்டர் டிரம்மில் லிட்டருக்கு விலை குறைவு. ஐந்து படகுக்காரர்கள் சேர்ந்தால் ஒரு டிரம் தாராளம். பழவேற்காட்டு மீனவருக்கு இது புதிய பாடமும் அல்ல. 'பாடு' என்ற முறையிலே, எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்து ஏரியையே பங்கிட்டுக்கொண்டவர்கள் அவர்கள். அந்தப் பாடுமுறையிலும் சாதி பார்த்து வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. அதை மூடி மறைப்பதில் பயனில்லை. டிரம் வாங்குவதிலாவது அந்தக் கோடு வேண்டாம். கரையில் யார் படகு இருக்கிறதோ அவருக்குப் பங்கு.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பெயரளவில் மட்டும் இருந்தால் போதாது. பங்குனி பிறக்கும் முன்பே எத்தனை படகு, எத்தனை லிட்டர் என்று கணக்கெடுத்து, மொத்த விலைக்கு வாங்கி, தவணையிலே கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் வியாபாரியின் முன்பணம் தானாக விலகும். நிறக்குறியும் பதிவு எண்ணும் சர்க்கார் உத்தரவு என்கிற அளவுக்கு, அதற்கான பெயிண்டைச் சங்கத்தின் வழியே இலவசமாகத் தர வேண்டியது சர்க்கார். படகுக்கும் வண்டிக்கும் பூசும் பெயிண்டையும் 2016 விதிக்குள் கொண்டுவர வேண்டியது மத்திய சர்க்கார். இவ்விரண்டையும் எழுதி, ஊர்க்கூட்டத்தில் கையொப்பம் வாங்கி, கும்மிடிப்பூண்டி தாசில்தாரிடமும் மீன்வளத் துறையிடமும் கொடுக்கலாம். சிப்காட் ஆலைகளில் வேலை பார்க்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அந்த மனுவை எழுதித் தரட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போதும்.