ப்ரீகேஜி போகும் குழந்தைக்கு ஏபிசிடி தெரியணுமா? பெற்றோர் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் ப்ரீகேஜி வகுப்பு வாசலில் அழுகைச் சத்தம்தான் அதிகம் கேட்கும். அதற்காகப் பல வீடுகளில் கோடை விடுமுறையிலேயே தயாரிப்பு தொடங்கிவிடுகிறது. ஆனால், அது பெரும்பாலும் ஏபிசிடி எழுத வைப்பதோடு முடிந்துவிடுகிறது. குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது அதுதானா?

எந்த வயதில் சேர்க்கலாம்?

தேசிய கல்விக் கொள்கை 2020, 3 முதல் 6 வயது வரையிலான 3 ஆண்டுகளை முன்பருவக் கல்விக்கு ஒதுக்குகிறது. கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்பில் சேர 6 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் 5 வயது போதும். "பக்கத்து வீட்டுப் பையன் ரெண்டரை வயசுலயே போறானே" என்று அவசரப்பட்டால், யுகேஜி முடித்த பிறகு நீங்கள் விரும்பும் பள்ளியில் வயது போதாமல் காத்திருக்க நேரலாம்.

எழுதப் பழக்க வேண்டுமா?

2022இல் வெளியான அடிப்படைநிலைக் கல்விக்கான தேசிய கலைத்திட்டம், 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாடநூலே வேண்டாம் என்கிறது. விளையாட்டு, பாட்டு, கதைதான் இந்த வயதுக்கான பாடம். பென்சில் பிடிக்கும் அளவுக்கு விரல்கள் இன்னும் வலுப்பெற்றிருக்காது. சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது போன்றவையே நல்ல பயிற்சி.

வீட்டில் எதைப் பழக்கலாம்?

* கழிப்பறை: வீட்டில் 'உச்சா' என்று சொல்லிப் பழகிய குழந்தைக்குப் பள்ளியில் எப்படிக் கேட்பதென்று தெரியாது. அடக்கிக்கொண்டே இருந்து, உடையை நனைத்துவிடும். குழந்தை எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்பதை மிஸ்ஸிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

* சாப்பாடு: செல்போன் பார்க்காமல் தானாகச் சாப்பிடவும், டிபன் பாக்ஸையும் வாட்டர் பாட்டிலையும் திறந்து மூடவும் பழக்குங்கள்.

* பிரிவு: குழந்தை கவனிக்காத நேரத்தில் நழுவி வராதீர்கள். அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போய்விடுவார் என்ற பயம்தான் மிஞ்சும். "12 மணிக்கு வரேன்" என்றாலும் புரியாது. "சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லி, சொன்னபடி வந்து நில்லுங்கள்.

* மிரட்டல் வேண்டாம்: "சேட்டை பண்ணா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்" என்று வீட்டில் பயமுறுத்திவிட்டு, அதே மிஸ்ஸிடம் சிரித்துக்கொண்டே போகச் சொன்னால் எப்படிப் போகும்?

பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள்

வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவார்கள்? அழுகை நிற்காவிட்டால் பெற்றோருக்குத் தகவல் வருமா? கட்டணத்தோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் அருகிலுள்ள அங்கன்வாடியை அணுகலாம். அங்கே முன்பருவக் கல்வியும் மதிய உணவும் இலவசம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

முதல் ஓரிரு வாரம் அழுவது இயல்புதான். அதன் பிறகும் தூக்கம், சாப்பாடு குறைந்தால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை திடீரென்று போக மறுத்தால், "அடம் பிடிக்குது" என்று ஒதுக்கிவிடாமல் பொறுமையாக விசாரியுங்கள். பள்ளியில் குழந்தைக்கு ஏதேனும் தீங்கு நடந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.